கேமிங் பிசி கேள்வி-பதில்: லேபிளைத் திருப்பிப் பாருங்கள்

முதன்முதலாக கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

80,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் ஏற்கெனவே இருக்கின்றன. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் எழுதிக் கொடுத்த லிஸ்ட்: ரைசன் 7 5700ஜி, ஏ520 மதர்போர்டு, 16 ஜிபி ராம் ஒரே ஸ்டிக், 500 ஜிபி எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, ஏழு ஆர்ஜிபி ஃபேன் வைத்த கண்ணாடி கேபினெட், "கேமிங்" எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). வாங்கலாமா?
கல்லூரி மாணவர், பெரம்பூர்

இந்த லிஸ்ட்டோடு பணத்தைக் கட்டிவிடாதீர்கள். பார்க்க நிறைவாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரியிலும் ஒரு ஓட்டை.

முதலில் பிராசசர். 5700ஜியில் எட்டு கோர் உண்டு, உள்ளேயே கிராபிக்ஸும் உண்டு. தனி கிராபிக்ஸ் கார்டு போடப்போகிற உங்களுக்கு அந்த உள் கிராபிக்ஸ் எதற்கு? அதற்கு இடம் விட்டதால் அந்த சிப்பில் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சின்ன மெமரி) 16 எம்பிதான். ஆறு கோர் உள்ள சாதாரண ரைசன் 5 5600-இல் 32 எம்பி. கேமுக்கு கோர் எண்ணிக்கையைவிட இந்த கேஷ்தான் அதிகம் உதவும். அதனால் விலை குறைந்த 5600 கேமில் 5700ஜியை முந்திவிடும். இன்னொரு வம்பும் இருக்கிறது. 5700ஜி, 5600ஜி, 5500 மூன்றுமே பிசிஐ எக்ஸ்பிரஸ் (கிராபிக்ஸ் கார்டுக்கும் பிராசசருக்கும் நடுவிலான பாதை) 3.0 வரைதான் போகும். 5600-க்கு 4.0 உண்டு. ஏ520 போர்டும் 3.0-வோடு நின்றுவிடும். இன்றைய நடுத்தர கார்டுகள் பல எட்டு லேன் மட்டுமே பயன்படுத்துகின்றன. 4.0-இல் எட்டு லேன் என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 16 ஜிபி, 3.0-இல் அதில் பாதி. கார்டின் 8 ஜிபி மெமரி நிரம்பி, மிச்சத்தை ராமிலிருந்து இழுக்க வேண்டி வரும்போதுதான் அந்தப் பாதியின் அருமை தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் கேம் திக்கித் திக்கி நிற்கும்.

அடுத்து ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. "3050-தானே, யூடியூபில் பார்த்தேனே" என்று நினைத்திருப்பீர்கள். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் 8 ஜிபி கார்டு. 6 ஜிபி கார்டில் மெமரி பாதை 96 பிட், பழையதில் 128 பிட். கோர்களும் குறைவு. பெயர் ஒன்று, ஆள் வேறு. தனியாக பவர் ஒயர் கேட்காமல் 70 வாட்ஸில் ஓடும் என்பது மட்டும்தான் அதன் பெருமை. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு நல்ல துணை. புதிதாக அசெம்பிள் செய்யும் 80,000 ரூபாய் மெஷினில் அதற்கு வேலை இல்லை.

நாங்கள் மாற்றி எழுதும் லிஸ்ட்: ரைசன் 5 5600, பி550 மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, டிடிஆர்4 3200 வேகத்தில் 8 ஜிபி ஸ்டிக் இரண்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் 5060 அல்லது ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, நல்ல கம்பெனியின் 550 அல்லது 650 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ், முன்பக்கம் வலை வைத்த கேபினெட். கிராபிக்ஸ் கார்டுக்கு 30,000-க்குக் குறையாமல் ஒதுக்குங்கள். மற்றதையெல்லாம் அதைச் சுற்றி அடுக்கலாம். 9060 எக்ஸ்டியில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு உண்டு. கொஞ்சம் கூடுதலாகப் புரட்ட முடிந்தால் 16-க்குப் போங்கள்.

ராம் ஏன் இரண்டு ஸ்டிக்? டிடிஆர்4 3200 ஸ்டிக் ஒன்று வினாடிக்கு 25.6 ஜிபி தரும். இரண்டு போட்டால் 51.2. அளவு அதே 16 ஜிபிதான், பாதை மட்டும் இரண்டு மடங்கு. "பிறகு இன்னொரு ஸ்டிக் போட்டுக்கொள்ளலாம்" என்பார் கடைக்காரர். அந்தப் பிறகு வருவதற்குள் அதே ஸ்டிக் கிடைக்காது, கிடைத்தாலும் விலை எங்கோ போயிருக்கும். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொள்வதால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறியிருப்பது உங்களுக்கே தெரியும். வீட்டிலோ உறவினரிடமோ பழைய டெஸ்க்டாப்பில் டிடிஆர்4 ஸ்டிக் இரண்டு சும்மா கிடந்தால் அதையே எடுத்துப் போடுங்கள். லேப்டாப் ராம் நீளத்தில் பாதி, ஸ்லாட்டில் உட்காராது.

ஒரே ஒரு எதிர்வாதம். ரைசன் 5 5600 உட்காரும் ஏஎம்4 சாக்கெட் 2016-இல் வந்தது, அதன் காலம் முடிகிறது. மூன்று வருடம் கழித்து பிராசசரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால், டிடிஆர்5 கேட்கும் ஏஎம்5 போர்டில் ரைசன் 5 7500எஃப் போடுவது தொலைநோக்கு. ஆனால் உங்கள் பட்ஜெட்டில் அந்தக் கூடுதல் பணம் கிராபிக்ஸ் கார்டிலிருந்துதான் கழியும். முதல் நாளிலிருந்தே கேம் விளையாட வேண்டும் என்றால் ஏஎம்4-இலேயே நில்லுங்கள்.

கேபினெட்டோடு 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் இலவசமாகவே வருகிறதாம். தனியாக நாலாயிரம், ஐயாயிரம் கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? அந்தப் பணத்தில் எஸ்எஸ்டி பெரிதாக வாங்கலாமே?
வாசகர், வளசரவாக்கம்

கடையிலேயே அந்த எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் வாங்கி, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் 450 என்று இருக்கும். அதைப் படிக்காதீர்கள். கீழே ஒரு சின்னக் கட்டம் இருக்கும்: +3.3வி, +5வி, +12வி, -12வி என்று. பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் +12வி வரியிலிருந்துதான் சாப்பிடும். அந்த வரிக்குக் கீழே 16ஏ என்று இருக்கிறதா? 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள், 192 வாட்ஸ். அவ்வளவுதான் உங்கள் "450". மிச்சமெல்லாம் பழைய காலத்து ஹார்ட் டிஸ்க்குக்கும் சிடி டிரைவுக்கும் போகிற 5 வோல்ட், 3.3 வோல்ட் கணக்கைச் சேர்த்துக் காட்டிய வீக்கம்.

இப்போது செலவுக் கணக்கு. ஆர்டிஎக்ஸ் 5060 145 வாட்ஸ், ரைசன் 5600 முழு மூச்சில் 76 வாட்ஸ். இரண்டும் சேர்ந்தே 221. போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி எதையும் இன்னும் சேர்க்கவில்லை. கார்டு ஒரு கணப்பொழுதுக்குத் தன் அளவைத் தாண்டியும் இழுக்கும். அந்தக் கணத்தில்தான் மெஷின் பட்டென்று அணைந்து தானாக ரீஸ்டார்ட் ஆகும். டெஸ்க்டாப்பில் மணிக்கணக்காக ஓடும், யூடியூப் ஓடும், கேம் லோட் ஆனதும் திரை கறுக்கும். பலரும் விண்டோஸை மூன்று முறை ஃபார்மட் செய்துவிட்டு, கடைசியில்தான் எஸ்எம்பிஎஸ் பக்கம் வருவார்கள். நல்ல 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளில் +12வி வரியில் 45ஏ இருக்கும். 12 பெருக்கல் 45, 540 வாட்ஸ். பெயரும் வரியும் ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும், அதுதான் சோதனை.

பெட்டியில் 80 பிளஸ் பிரான்ஸ் என்று இருப்பது நல்லது. ஆனால் அது கரண்டை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான முத்திரை மட்டுமே. ஷார்ட் ஆனால், வோல்டேஜ் ஏறினால் தன்னைத்தானே துண்டித்துக்கொள்ளுமா என்பதை அது சொல்லாது. அதற்குக் கம்பெனியையும் வாரண்டியையும் பாருங்கள். ஐந்து வருட வாரண்டி தருகிறவர் ஓரளவு நம்பித்தான் தருகிறார். மலிவு எஸ்எம்பிஎஸ் சாகும்போது தனியாகச் சாகாது, போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. கிராபிக்ஸ் கார்டுக்கான 6+2 பின் ஒயர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே நேராக வர வேண்டும். பழைய மோலெக்ஸ் பின்னிலிருந்து மாற்றித் தரும் இருபது ரூபாய் கன்வெர்ட்டர் சூட்டில் இளகிவிடும். கழற்றி மாட்டும் ஒயர் உள்ள எஸ்எம்பிஎஸ் வாங்கினால், ஒரு கம்பெனி ஒயரை இன்னொரு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸில் செருகவே கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. பின் சரியாகப் பொருந்தும், ஆன் செய்ததும் எஸ்எஸ்டி கருகும்.

கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது. வெறுங்காலோடு தரையில் நின்றால் இன்னும் அதிகம். எஸ்எம்பிஎஸ் மாற்றியும் போகவில்லை. கடையில் "கேபினெட்டுக்குக் கீழே ரப்பர் போடுங்க" என்கிறார்கள்.
வாடகை வீட்டில் இருப்பவர், திருவொற்றியூர்

ரப்பர் போட்டால் சுவிட்ச் பாக்ஸில் இருக்கும் நோய் போகாது. உங்கள் எஸ்எம்பிஎஸ் நல்லதாகவே இருக்கலாம். கோளாறு எர்த்தில்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கரண்ட் நுழையும் இடத்தில், மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் உண்டு. ஒன்று ஃபேஸுக்கும் உலோக உடம்புக்கும் நடுவில், மற்றது நியூட்ரலுக்கும் உலோக உடம்புக்கும் நடுவில். எர்த் ஒயர் சரியாக இருந்தால் அங்கே கசிவது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டின் பாதி, ஏறத்தாழ 115 வோல்ட், கேபினெட் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். கரண்டின் அளவு மிகக் குறைவு என்பதால் உயிருக்கு ஆபத்து வராமல் சுரீரோடு நின்றுவிடுகிறது. ஆனால் அதே நிலையில் டிவியின் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால், அந்த வோல்ட் கேபிள் வழியாக இறங்கி போர்ட்டைக் காலி செய்யலாம். எச்டிஎம்ஐ போர்ட் திடீரென்று செத்துப்போனது என்று வரும் புகார்களில் இதையும் சந்தேகிக்க வேண்டும்.

மூன்று இடத்தில் தேடுங்கள். முதலில், பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ டூ பின் கன்வெர்ட்டர் மாட்டியிருக்கிறதா? இருந்தால் குப்பையில் போடுங்கள். இரண்டாவது, ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டரில் சாக்கெட்டின் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பார்க்கச் சொல்லுங்கள். 230-ஐ ஒட்டி வர வேண்டும். ஏதோ 90, 120 என்று ஆடினால் எர்த் ஒயர் எங்கோ காற்றில் தொங்குகிறது என்று அர்த்தம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. மூன்றாவது, சாக்கெட்டில் ஒயர் சரியாக இருந்தும் எண் வரவில்லை என்றால் வீட்டின் எர்த் பைப்பே காய்ந்திருக்கும். பழைய வீடுகளில் அந்தக் குழிக்கு வருடக்கணக்காக ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றியிருக்க மாட்டார்கள். சரிசெய்வது வீட்டுக்காரர் பொறுப்பு. கம்ப்யூட்டருக்காக என்று சொன்னால் தட்டிக் கழிப்பார். ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் அதே எர்த்துதான் என்று சொல்லிப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் செய்ய விடாதீர்கள். சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சின்ன ஒயரால் சேர்த்து "எர்த் வந்துடுச்சு சார்" என்று காட்டும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். மீட்டரிலும் சரியாகவே காட்டும். என்றைக்காவது நியூட்ரல் ஒயர் அறுந்தால் முழு 230 வோல்ட்டும் கேபினெட்டுக்கு வந்துவிடும். அன்று சுரீரோடு நிற்காது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. தனியாக யுபிஎஸ் வேண்டுமா?
வாசகர், மேடவாக்கம்

இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். யுபிஎஸ் மோடு, நார்மல் அல்லது ஈக்கோ மோடு. நார்மலில் இருந்தால் கரண்ட் போய் பேட்டரி வருவதற்குள் லைட் ஒரு சிமிட்டு சிமிட்டும், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். நல்ல எஸ்எம்பிஎஸ் முழு லோடில் சுமார் 16 மில்லி வினாடி மூச்சைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான் அவகாசம். யுபிஎஸ் மோடுக்கு மாற்றினால் மாறும் நேரம் குறையும், பல வீடுகளில் அதுவே போதும். கூடவே ஒரு விளைவும் வரும். அந்த மோடில் இன்வெர்ட்டர் சுமார் 180 முதல் 260 வோல்ட் வரைதான் லைன் கரண்டை ஏற்கும். கோடை இரவுகளில் தெருவெல்லாம் ஏசி ஓடி வோல்டேஜ் இறங்கும்போது, கரண்ட் இருந்தும் பேட்டரிக்குப் போய்விடும். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகைதானா என்றும் பாருங்கள். பழைய ஸ்கொயர் வேவ் என்றால் கம்ப்யூட்டரை அதில் மாட்டவே வேண்டாம்.

தனி யுபிஎஸ் வாங்கினால் விஏவைப் பார்த்து ஏமாறாதீர்கள். 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட்ஸ்தான். மேலே சொன்ன மெஷின் கேம் ஓடும்போது மானிட்டரோடு சேர்த்து 300-ஐத் தொடும். பேட்டரி ஒரு வருடம் பழசானதும் அந்த லோடைத் தாங்காமல் கரண்ட் போன உடனே அதுவும் விழும். 1000, 1100 விஏ எடுங்கள். விளையாடுவதற்கு அல்ல, சேவ் செய்து ஷட் டவுன் கொடுக்க ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும்.

மொட்டை மாடிக்குக் கீழே ஏசி இல்லாத ரூம். மே மாதம் தாங்குமா? லிக்விட் கூலர் போடச் சொல்கிறார்கள்.
வாசகர், அம்பத்தூர்

லிக்விட் கூலரும் அதே ரூம் காற்றில்தான் ஆற வேண்டும். ரூம் 37 டிகிரி என்றால் தண்ணீர் மட்டும் 25-க்கு எப்படி இறங்கும்? எந்த கூலருக்கும் கணக்கு ஒன்றுதான், ரூம் வெப்பத்தோடு இத்தனை டிகிரி கூட்டல். 24 டிகிரி ஏசி ரூமில் 68 காட்டிய பிராசசர் உங்கள் ரூமில் 81 காட்டும். ரைசன் 5600-இன் எல்லை 90, ஆகவே பயமில்லை. ஆனால் பெட்டியோடு வரும் சின்ன கூலர் மே மாதத்தில் மிக்ஸி மாதிரி கத்தும். 120 மிமீ ஃபேன் உள்ள டவர் கூலர் ஒன்று போதும். வாங்கும் முன் கேபினெட் எவ்வளவு உயரம் வரை கூலரை ஏற்கும் என்று பாருங்கள். 155 மிமீ கூலரை வாங்கிவந்து கண்ணாடிக் கதவு மூடாமல் நிற்பவர்கள் நிறைய.

பணம் போட வேண்டிய இடம் கேபினெட். முன்னால் வலை, அதற்குப் பின்னால் 120 மிமீ ஃபேன் இரண்டு உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. ஃபேனின் எந்தப் பக்கம் குறுக்குச் சட்டம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் காற்று வெளியேறும். இதைக் கவனிக்காமல் மூன்றையும் வெளியே தள்ளும்படி மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். முன்பக்கம் முழுக் கண்ணாடி என்றால் உள்ளே எத்தனை ஃபேன் சுழன்றாலும் அவை ஒன்றன் காற்றை ஒன்று சுற்றிவிடுவதுதான்.

இன்னொன்று, பழைய மரக் கம்ப்யூட்டர் டேபிளில் "சிபியு" வைக்க ஒரு அறை இருக்குமே, பின்புறம் பலகை அடித்தது, அதில் வைக்காதீர்கள். அது அடுப்பு. கொசுவத்தி, சாம்பிராணி போடும் ரூம் என்றால் தூசி எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டும், வெறும் ப்ளோயருக்கு வராது. ஃபில்டரை மூன்று வாரத்துக்கு ஒருமுறை கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போகும், ஜெனரேட்டர் மாதிரி கரண்ட்டும் போர்டுக்குள் போகும்.

என் மகன் ஆர்ஜிபி லைட் வைத்த ராம், ஆர்ஜிபி ஃபேன், ஆர்ஜிபி கூலர் கேட்கிறான். லைட் இருந்தால் வேகம் கூடுமா தம்பி?
ஒரு தாய், அசோக் நகர்

கூடாதும்மா. லைட் இல்லாத அதே ராம் அதே வேகத்தில் ஓடும். மிச்சமாகும் பணத்தை எஸ்எஸ்டியில் போட்டு 500 ஜிபியை 1 டிபி ஆக்கச் சொல்லுங்கள். ஒரு கேமே 100 ஜிபிக்கு மேல் இடம் கேட்கும் காலம் இது. ஒரு ஃபேனில் மட்டும் லைட் இருக்கட்டும் என்று பேசி முடித்துக்கொள்ளலாம்.

நானே அசெம்பிள் செய்தேன். ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. இரண்டு நாளாகத் தூக்கமில்லை.
வாசகர், சோழிங்கநல்லூர்

தூங்குங்கள், பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. இந்த வரிசையில் பாருங்கள்.

மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? மேலே யுஎஸ்பி போர்ட்டுகளுக்குப் பக்கத்தில் என்றால் அது மதர்போர்டு. உங்கள் பிராசசரில் உள் கிராபிக்ஸ் இல்லாவிட்டால் (5600, 12400எஃப், 7500எஃப் எதிலும் கிடையாது) அங்கே படம் வரவே வராது. கீழே படுக்கைவாட்டில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டின் போர்ட்டில் செருகுங்கள்.

அடுத்து, போர்டின் இடது மேல் மூலையில் இருக்கும் 8 பின் பிராசசர் பவர். இதை மறந்தாலும் ஃபேன் சுற்றும், அதுதான் ஏமாற்றும். இங்கே வர வேண்டியது 4+4 ஆகப் பிரியும் ஒயர். கிராபிக்ஸுக்கான 6+2 ஒயரும் பார்க்க இதே மாதிரி இருக்கும். அழுத்திச் செருக வேண்டியிருந்தால் தப்பான ஒயர், நிறுத்துங்கள்.

பிறகு ராம். பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்க வேண்டும். இரண்டு முனையும் டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். பல போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே கிளிப் இருக்கும். கிளிப் இல்லாத முனை மேலெழும்பி நிற்பதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, விரலால் தடவிப் பாருங்கள்.

போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சின்ன லைட் இருந்தால் பாதி வேலை மிச்சம். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் தகராறு. டிராமில் நின்றால் ஒரு ஸ்டிக்கை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் வைத்து ஓட்டுங்கள். டிடிஆர்5 போர்டு என்றால் முதல் முறை ராமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். பொறுமையில்லாமல் சுவிட்சை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சிபியுவில் நின்றால், போர்டு பழைய சரக்காக இருந்து அதன் பயாஸுக்கு (போர்டை முதலில் எழுப்பும் மென்பொருள்) உங்கள் பிராசசரைத் தெரியாமல் இருக்கலாம். ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டில் பென் டிரைவை வைத்தே புதுப்பிக்கலாம். இல்லையென்றால் வாங்கிய கடைக்குக் கொண்டுபோங்கள்.

இதெல்லாம் சரி என்றால் போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்து ஓட்டிப் பாருங்கள். அங்கே ஓடினால், கேபினெட்டில் போர்டின் ஓட்டைக்கு நேராக இல்லாத இடத்தில் ஒரு பித்தளைத் திருகு நின்று போர்டின் அடிப்பக்கத்தை ஷார்ட் செய்கிறது.

கூலரைக் கழற்ற நேர்ந்தால், ஏஎம்4 போர்டில் அப்படியே மேலே இழுக்காதீர்கள். பேஸ்ட் இறுகியிருந்தால் பிராசசர் சாக்கெட்டிலிருந்து பிய்ந்துவரும், பின் வளையும். படம் வந்து ஓடும் மெஷின் என்றால் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, இடமும் வலமும் மெல்லத் திருகி எடுங்கள். திரும்ப மாட்டும்போது பட்டாணி அளவு பேஸ்ட். புதுக் கூலரின் அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், அதோடேயே மாட்டியவர்கள் உண்டு.

ரிச்சி ஸ்ட்ரீட்டா, ஆன்லைனா?
வாசகர், தாம்பரம்

இரண்டிலும் விலை கேளுங்கள், பில்லோடு கேளுங்கள். "பில் இல்லாமல் என்றால் குறைச்சுத் தரேன்" என்றால் அந்த 18 சதவீத ஜிஎஸ்டியோடு வாரண்டியும் சேர்ந்து போகிறது. பில்லில் ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். பெட்டியில் உள்ள நம்பர், பொருளின் மேல் உள்ள நம்பர், பில்லில் உள்ள நம்பர் மூன்றும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள். பிராசசரை சீல் உடையாத பெட்டியில் கேளுங்கள். பெட்டியோடு வந்தால் இன்டெலும் ஏஎம்டியும் மூன்று வருடம் வாரண்டி தருகின்றன. வெறும் பிளாஸ்டிக் தட்டில் வரும் டிரே பிராசசருக்குக் கடைக்காரர்தான் எல்லாம். ஆன்லைனில் வாங்கினால் பார்சல் உடைப்பதை ஒரே வீடியோவாக எடுத்துவிடுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட் என்றால் வார நாளில் காலையில் போங்கள். ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனி மாலை நெரிசலில் லேபிளைத் திருப்பிப் பார்க்க யாரும் விட மாட்டார்கள்.

"ஐ7 கேமிங் பிசி 16,000 ரூபாய்" என்று செகண்ட் ஹேண்டில் வருகிறதே?
வாசகர், கொளத்தூர்

ஐ7 என்பது குடும்பப் பெயர். எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். ஐ7-2600 என்றால் 2011, ஐ7-3770 என்றால் 2012. இவற்றில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லாததால் சில புது கேம்கள் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது எட்டாம் தலைமுறையிலிருந்து. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது.

பழைய கிராபிக்ஸ் கார்டு மட்டும் வாங்கலாம், நேரில் ஓட்டிப் பார்த்தால். ஜிபியு-இஸட் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். பழைய 550 டிஐ கார்டை 1050 டிஐ என்று பெயர் மாற்றி விற்பவை அதில் மாட்டிக்கொள்ளும். அரைமணி நேரம் ஏதாவது கனமான கேமை ஓட்டச் சொல்லி, திரையில் புள்ளிகள் வருகிறதா, ஃபேன் கரகரக்கிறதா என்று பாருங்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ காசுக்கான மைனிங் நின்றபோது சந்தைக்கு வந்து குவிந்த கார்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம். விலையை மட்டும் அதற்கேற்ற மாதிரி அடித்துப் பேசுங்கள்.

எல்லாம் முடிந்தது. ஆனால் வேலரன்ட் கேம் திறக்க மாட்டேன் என்கிறது, வேன்9003 என்று எரர். இன்னொன்று, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் பழைய மானிட்டர் மாதிரியே தெரிகிறது.
வாசகர், மயிலாப்பூர்

விண்டோஸ் 11-இல் வேலரன்ட்டுக்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அம்சங்களும் ஆனில் இருக்க வேண்டும். பயாஸுக்குள் போய் ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம், இன்டெல் என்றால் பிடிடி என்பதை ஆன் செய்யுங்கள். பழைய முறை பூட்டுக்கான சிஎஸ்எம் என்பதை அணைத்துவிட்டு செக்யூர் பூட்டை ஆன் செய்யுங்கள். சிஎஸ்எம்மை அணைத்ததும் விண்டோஸே வரவில்லை என்றால் அது பழைய எம்பிஆர் முறையில் இன்ஸ்டால் ஆகியிருக்கிறது. புது மெஷின்தானே, ஜிபிடி முறையில் மறுபடி இன்ஸ்டால் செய்வது சுலபம். பயாஸில் இருக்கும்போதே ராமுக்கான எக்ஸ்எம்பியையும் ஆன் செய்துவிடுங்கள். இல்லையென்றால் 3200 என்று வாங்கிய ராம் 2400, 2666 என்று ஓடிக்கொண்டிருக்கும், யாரும் சொல்ல மாட்டார்கள்.

மானிட்டர் இன்னும் 60-இல் ஓடுகிறது. டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், டிஸ்ப்ளே செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே, அங்கே 165-ஐத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் 165 இல்லவே இல்லை என்றால் எச்டிஎம்ஐயைக் கழற்றிவிட்டு டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை மாட்டுங்கள். சில மானிட்டர்கள் முழு வேகத்தை அதில் மட்டும்தான் தரும். அந்த கேபிள் பெரும்பாலும் மானிட்டர் வந்த அட்டைப்பெட்டியின் தெர்மாகோலுக்கு அடியில் பிரிக்காமலேயே கிடக்கும்.